நாற்பத்தோரு படி

வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க நாற்பத்தோரு படி.
இத்தனை வருஷம் எண்ணியதில்லை.
ஏழாம் மாதம் ஷைலின் பாதியில் நின்று
மூச்சு வாங்கியபோதுதான் எண்ணினேன்.

பன்னிரண்டாவது ஆடும்.
இருபதுக்கு மேல் பாசி.
முப்பத்துமூன்றில் பலாவேர் ஒன்று
கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

களியல் மலையில் மழை விடாத நாட்கள்.
வெட்டு இல்லை.
சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு
படி படியாகப் பாசி சுரண்டினேன்.
வெயில் தலைகாட்டிய ஒரு மத்தியானம்
ஆடுகிற படிக்கு அடியில் சிமெண்ட் அப்பினேன்.
முதலாளி வீட்டுப் பழைய பைப்பைக் கேட்டு வாங்கி
கைப்பிடி வைத்தேன்.
"பிள்ளைக்கு நீங்க வாங்கின முதல் சாதனம்
துருப்பிடிச்ச பைப்பாக்கும்" என்றாள்.
ஆனாலும் பிடித்துப் பார்த்தாள்.

ஷீட் மணம் அவளுக்கு ஆகாமல் போயிற்று.
அடுக்களைப் புகைக்குமேல் தொங்கியதையெல்லாம் எடுத்து
கோழிக்கூட்டுக்கு அப்பால் கொண்டுபோனேன்.
மணம் போகவில்லை.
அது என்னிடம் இருந்தது.
மூன்று சோப்பு மாற்றினேன்.

அவளுக்கு விரல்.
அண்டி ஆபீசில் ஆறு வருஷம்,
தோட்டு எண்ணெய் நகக்கண் வரை கறுத்துக் கிடந்தது.
வேலையை விட்ட அன்று
காலண்டரில் வட்டம் போட்டாள்.
பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து
கையை வெயிலில் நீட்டிப் பார்ப்பாள்.
பெருவிரல் தெளிந்தது. சுட்டுவிரல் பாதி.
"இந்தக் கையோட தொட்டா
பிள்ளைக்க கன்னத்துல அடையாளம் விழுமா சிஸ்டர்?"
நர்சு சிரித்துவிட்டாள்.
நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் பிரசவம் அம்மை வீட்டில் என்பார்கள்.
அவள் அம்மை குவைத்தில்
யாருடைய இரட்டைப் பிள்ளைகளையோ குளிப்பாட்டுகிறாள்.
"பழைய துணி சேத்து வை மக்களே,
புதுசு உறுத்தும்" என்கிறாள் போனில்.
பின்னால் இரண்டு குரல் அழுகிறது.
பேசி முடித்த பிறகும் ஷைலின்
போனை வெகுநேரம் வயிற்றில் வைத்திருப்பாள்.

ஒட்டுப்பால் விற்ற காசு பிஸ்கட் டின்னில்.
ராத்திரிதோறும் எண்ணுகிறோம்,
எண்ணினால் கூடும் என்பதுபோல.

நேற்று இரண்டரை மணிக்கு ஒத்திகை.
ரெஜினால்டு ஆட்டோவை ரோட்டில் நிறுத்தி
ஹாரன் அடிக்காமல்
லைட்டை மட்டும் அணைத்து அணைத்து எரித்தான்.
என்னிடம் பை. அவளிடம் டார்ச்.
பையில் ஸ்கேன் ரிப்போர்ட், பிளாஸ்க்,
நாலாகக் கிழித்த என் வேட்டிகள்,
வேண்டாம் என்று சொல்லியும் அவள் வைத்த சீப்பு.

எனக்குப் பழகிய நேரம்தான்.
தினமும் நெற்றியில் விளக்கு கட்டி
மரங்களிடம் போகிற நேரம்.
கத்தி எதுவரை இறங்கலாம்,
எங்கே நிறுத்தாவிட்டால் மரம் புண்ணாகும்,
அதெல்லாம் தெரியும்.
இதில் ஒன்றும் தெரியாது.

பன்னிரண்டாவது ஆடவில்லை.
பலாவேர் தாண்டும்போது
பைப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.
பிடித்தவள் வயிற்றுக்குக் கொண்டுபோனாள்.
சாயங்காலம் ஷீட் அடித்த கை.
இழுக்கப் பார்த்தேன், விடவில்லை.
உள்ளேயிருந்து ஒரு முட்டு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று,
சரியாக உள்ளங்கைக்கு.
"எனக்குத்தான் பிடிக்கல,
இதுக்கு இந்த மணம் பிடிக்கும் போல."

"வாறீங்களா, இல்ல நான் உறங்கவா?"
கீழேயிருந்து ரெஜினால்டு.

ஆஸ்பத்திரி வாசல்வரை இருபத்தாறு நிமிஷம்.
வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.
"இல்லண்ணே, சும்மா வழி பாக்க வந்தோம்."
அவர் பார்த்த பார்வையை
பிள்ளை வளர்ந்தபின்னும் சொல்லிச் சிரிக்கலாம்.

திரும்பி ஏறும்போது சத்தமாக எண்ணினாள்.
மேலே வந்து நாற்பத்திரண்டு என்றாள்.
நாற்பத்தொன்று என்றேன் நான்.
விடியும்வரை அந்த வழக்கு தீரவில்லை.

வெட்டு முடிந்து வரும்போது பார்த்தேன்:
அன்று மிச்சமான சிமெண்டை
ரோட்டோரம் கொட்டியிருக்கிறேன்.
அது இறுகி
ஒரு சாணுக்கு மேடாகிக் கிடக்கிறது,
முதல் படிக்கும் முன்னால்.
அதையும் கணக்கில் சேர்க்கணும் என்கிறாள்.